வேர்த்தவரைப் பிடி

அச்சாபீஸ் முதலாளி சாய்வு நாற்காலியிலேயே பிணமாகக் கிடந்தார்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். மனைவி. தம்பி.

இன்ஸ்பெக்டர் தம்பியைப் பார்த்தார். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

"நீதானே?"

"இ... இல்ல சார்..."

முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஒரு மாசமாவே இப்படித்தான் சார் திருட்டு முழி முழிக்கிறான்," என்று மூக்கைச் சிந்தினாள் அண்ணி.

வேர்த்தவரைப் பிடி. இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

ஜீப்பில் ஏற்றும்போதே தம்பி சுருண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரி. பிரஷர் இருநூற்று நாற்பது!

"கிட்னி தலையில தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு சார். பயந்தா வேர்க்க வைக்கிறது அதுதான். அதுல கட்டி," என்றார் சர்ஜன் அம்மா. "பயமே இல்லாட்டியும் வேர்க்கும், படபடக்கும். சுரப்பியோட எடுத்துடலாம்."

"வயித்தைக் கிழிச்சா?"

"எதுக்கு? நாலு சின்ன ஓட்டை. ஒண்ணுல கேமரா."

"எடுத்தப்புறமும் வேர்த்தா?"

"தாராளமா உள்ள தள்ளுங்க."

இரண்டு வாரம் மாத்திரை. பிறகு ஆபரேஷன். கைதி ஓடிவிடக் கூடாதே என்று பச்சை அங்கி மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள்ளேயே நின்றார் இன்ஸ்பெக்டர். மயக்கத்தில் கிடப்பவன் எங்கே ஓடுவான் என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

திரையில் மஞ்சள் கொழுப்பு. நடுவே கட்டி. கருவி லேசாக உரசியது.

பீப்... பீப்பீப்பீப்...

"பிரஷர் எகிறுது மேடம்," என்றார் மயக்க டாக்டர்.

"கையை எடுத்துட்டேன். மருந்தை ஏத்துங்க."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கே வேர்த்துவிட்டது.

பிரஷர் இறங்கியது. இரத்தக் குழாய்க்குக் கிளிப் விழுந்தது. சுரப்பி ஒரு குட்டிப் பைக்குள் புகுந்து ஓட்டை வழியே வெளியே வந்தது.

மூன்றாம் நாள். ஏசி அறை. ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன் முன்னாலேயே தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார் இன்ஸ்பெக்டர்.

"உங்கண்ணனைக் கொன்னது நீதானே?"

"இல்ல சார்."

நாடி எழுபத்திரண்டு. நெற்றியில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் தொங்கிப்போன முகத்தோடு திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

கட்டிலருகே அண்ணி. கைக்குட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எதுக்கும்மா வேர்க்குது?"

"நா... நான் காபியில ஒண்ணும் கலக்கலை சார்."

"விஷம்னு ரிப்போர்ட் எனக்கே இப்பத்தான் வந்துச்சு. இன்னும் யாருக்கும் காட்டாம சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன். காபின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அண்ணி பாய்ந்து சர்ஜனின் கையைப் பற்றினாள்.

"டாக்டர்... எனக்கும் அந்தக் கட்டிதான். அதான் என்னமோ உளர்றேன்."

சர்ஜன் நிதானமாக அவள் நாடியை எண்ணினார். சிரித்தார்.

"கவலையே படாதீங்கம்மா. உங்க சுரப்பி பிரமாதமா வேலை செய்யுது."