அறுந்த கம்பியில் வந்த கரை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் கமலக்கண்ணன், அவருடைய காலஞ்சென்ற அண்ணன் லோகநாதனின் மனைவி ஹேமலதா, செய்யாறிலிருந்து கேபிள் பார்க்க வந்த சக்கரவர்த்தி. நானும் இருந்தேன் என்று ஆரணியில் சொல்லித் திரிகிறவர்கள் அந்த வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று, ஆடி அமாவாசை. அமாவாசையன்று பட்டுத்தறி ஓட்டும் வழக்கமில்லை. தெருவே ஓசையற்றுக் கிடந்தது. பழுது பார்க்க அதுதான் தோதான நாள்.

பழுது இதுதான். கம்ப்யூட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாகத் தறிமேல் இருந்து இழைகளைத் தூக்கிக் கரை போடும் ஜக்கார்டு பெட்டிக்கு மயில் கரையை அனுப்பினால், புடவையில் ருத்திராட்சக் கரை விழுந்தது. லோகநாதன் உயிரோடு இருந்தவரை வேறு கரை நெய்ததில்லை. 'செத்தவன் நெய்யும் வீடு' என்று வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். போளூர்க் கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவையை வேறிடத்தில் எடுக்கப் பார்த்தார்கள். குடும்பத்தின் பெயரே அந்த ஒரு புடவையில் தொங்கியது.

"ஜல்தி முடிப்பா, ராகுகாலம் வருது," என்றார் ஹேமலதா.

"கேபிளுக்கு இன்னாம்மா ராகுகாலம்?" என்று சிரித்தபடி சக்கரவர்த்தி கேபிளைக் கழற்றி, முனையின் மூடியைத் திறந்தான்.

சிரிப்பு நின்றது.

"ஐயா... அனுப்புற கம்பியே அறுந்து கெடக்குது. பச்சை பூத்துப் போயிருக்கு. இங்கருந்து ரொம்ப நாளா ஒண்ணுமே போவலை."

கம்பியைப் பற்றவைக்க அவன் சூடேற்றி வைத்திருந்த ஈயத்தின் வாடையை மீறி மூக்குப்பொடி மணத்தது. அந்த வீட்டில் மூக்குப்பொடி போட்டவர் லோகநாதன் ஒருவர்தான்.

டக்.

மேலே பெட்டி அசைந்தது.

டக். டக்.

கேபிளின் இரு முனைகளும் சக்கரவர்த்தியின் கையில் இருந்தன. நீளவாட்டில் கட்டிய பாவு இழைகள் தாமாகப் பிரிந்து, குறுக்கிழையைக் கொண்டோடும் நாடாவுக்கு வழிவிட்டுக் காத்து நின்றன.

"யாருங்க அனுப்புறது?" அவன் கேபிளைக் கீழே போட்டான். "வாங்க, போயிடலாம்."

"எங்க போறது? இது என் வீடு," என்றார் கமலக்கண்ணன்.

"தம்பி, வேணாம். அமாவாசை," என்று ஹேமலதா குறுக்கே வந்தார்.

"அண்ணன் வேலை செஞ்சுகினு இருக்காரு, அண்ணி. நான் ஓடணுமா?"

கமலக்கண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். நாடாவை வீசினார்.

டக்.

வீசினார்.

டக்.

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்ளோ வேணா நெய்யுண்ணா. யாரு கேட்டாலும் உன் கரைன்னு சொல்லித்தான் குடுப்பேன். ஒளிக்க மாட்டேன்."

அப்படியே சொல்லித்தான் போளூரில் புடவையைக் கொடுத்தார்.

மணப்பெண் அதைக் கட்ட மறுத்ததாகவும், கமலக்கண்ணன் மிரண்டுபோய்த் தறியை விற்றுவிட்டதாகவும் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். தறியும் அதே அறையில்தான் ஓடுகிறது. கேபிளைத்தான் யாரும் திரும்ப மாட்டவில்லை.