வெட்டாத ஆக்சில்

புருஷோத்தமன் அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. செகந்திராபாத்தில் மழை விட்டாலும் இரும்புக் கடைகளுக்குள் அது விடுவதில்லை. தகரக் கூரையிலிருந்து சொட்டி, அடுக்கி வைத்த கார்க் கதவுகள்மேல் விழுந்து, அங்கிருந்து எண்ணெய்க் குட்டையில் விழுந்து, பொழுது சாய்கிறவரை சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே துருவும் கிரீசும் கலந்த வாசனை. ஆளைக் காணோம். இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டு நின்றான்.

அவனுக்கு ஒரு முன் ஆக்சில் வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே இரும்பாக, முழுசாக.

அவன் கோயம்புத்தூர்க்காரன். லேத்தும் வெல்டிங்கும் கைவந்தவன், ஊரே கம்ப்யூட்டர் என்று ஓடியபோது தானும் கூட ஓடி ஹைதராபாத்துக்கு வந்தான். இரண்டாயிரத்து ஒன்றில் அவன் வேலை பார்த்த கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்திக்கொண்டது. போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில், மனைவி புஷ்பாவோடும் மகள் ஸ்ரீலேகாவோடும் குடியிருந்தான். ஸ்ரீலேகாவுக்கு ஒன்பது வயது. எங்கிருந்தோ வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் கால்களின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளிக்கூடம் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நாற்காலியோடு அப்படியே உருட்டி ஏற்றுகிற மாதிரி ஒரு கார் இருந்தால் அவள் பள்ளிக்குப் போவாள். வாங்க வக்கில்லை. ஆகவே அவனே கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து வந்தது, தாழ்வான தரை பிளைவுட்டில் ஆனது. முன்பக்கம் மட்டும் பாக்கி. புதுக் கார்களில் இருப்பதுபோல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆட வேண்டுமென்றால் அதற்குப் பெரிய பட்டறை வேண்டும். ஒரு முழு ஆக்சிலும் இரண்டு பட்டை ஸ்பிரிங்கும் இருந்தால் வீட்டு ஷெட்டிலேயே வேலை முடிந்துவிடும். ராமச்சந்திராபுரம் வரை தேடிவிட்டான். கிடைத்ததெல்லாம் வளைந்தது, விரிசல் விட்டது.

கடைக்காரர் சின்னசாமி கையில் டீ கிளாசோடு பின்னாலிருந்து வந்தார். அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம்.

"ஜீப் ஆக்சில் ஒண்ணு இருக்கு சார். ஆனா முழுசா நக்கோ, கிடைக்காது. வெட்டித்தான் தருவேன்."

"வெட்டினா எனக்கு எதுக்குங்ணா?"

"ஆள் செத்த வண்டி. அதோட முன் ஆக்சிலை முழுசா வெளிய விட மாட்டோம். இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் அப்படித்தான். நடுவுல கேஸ் கட்டர் போட்டு ரெண்டாக்கிடுவோம். கைக்கு, ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. எங்கப்பாவும் வெட்டினார்."

புருஷோத்தமன் அந்த ஆக்சிலைக் குனிந்து பார்த்தான். நடுவில் லேசாகத் தாழ்ந்து, இரண்டு முனையிலும் நிமிர்ந்து, அவன் மனசில் வரைந்து வைத்திருந்த அதே வடிவம். சுத்தியலை வாங்கித் தட்டினான். கோயில் மணிபோல் கணீரென்றது. ஒரு விரிசல்கூட இல்லை.

"என்ன ஆச்சுங்க அந்த வண்டிக்கு?"

"போலாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குவாரிக் குட்டை இருக்கே, அதுல இறங்கிடுச்சு. புருஷன், பொண்டாட்டி, ஒரு குழந்தை. கிரேன் வர்ற வரைக்கும் தண்ணிக்குள்ளேர்ந்து தட்டற சத்தம் கேட்டுச்சாம்." சின்னசாமி டீயைக் குடித்து முடித்தார். "அப்பறம் நின்னுடுச்சு."

அன்றைக்கென்று பார்த்து வெட்டுகிற கேஸ் தீர்ந்திருந்தது. நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு அது துண்டாகிவிடும் என்பது புருஷோத்தமனுக்குத் தெரியும்.

"எப்படியும் இது என் வண்டிக்கு அகலம் ஜாஸ்திங்ணா. நடுவுல வெட்டிச் சின்னதாக்கி ஒட்டித்தான் மாட்டோணும். நானே என் அளவுக்கு வெட்டிக்கறேனுங்."

சின்னசாமி டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஹவ், சரி. அப்ப எடுத்துட்டுப் போங்க. மாட்டறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க."

பொய் சொல்ல வேண்டுமென்று அவன் சொல்லவில்லை. அகலம் கூடத்தான் இருக்கும் என்று அவனே நம்பினான். வீட்டுக்கு வந்து ஷெட்டில் வைத்து அளந்தால், அளவு எடுத்து வார்த்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. கோயம்புத்தூரில் பட்டறை பார்த்த எவன் நல்ல இரும்பை வெட்டி ஒட்டுவான்? அதுவும் தன் குழந்தை ஏறப்போகிற வண்டியில், முன் சக்கரம் தாங்குகிற இடத்தில்? வெட்டி ஒட்டியது என்றைக்காவது விட்டுக்கொடுக்கும். அவன் வெட்டவில்லை.

முழுசாக மாட்டினான்.

மறுநாள் காலை புஷ்பா பால் வாங்கப் போனவள் ஷெட் வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, சக்கரத்தைத் திருப்பி வெச்சீங்களா?"

நேராக வைத்துவிட்டுப் போன முன் சக்கரங்கள் இரண்டும் இடது பக்கம் திரும்பியிருந்தன. தரை சரிவாக இருக்கும் என்றான். நேராக்கி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்தான்.

அடுத்த நாள் காலை செங்கற்கள் தள்ளிக் கிடந்தன.

சக்கரங்கள் இடது பக்கம் பார்த்தன. வாசலுக்கு இடது பக்கம் ராணுவக் குடியிருப்பின் நீள மதில். அது முடிகிற இடத்தில் குவாரிக்குப் போகிற மண்பாதை. புருஷோத்தமன் ஸ்பிரிங்கை அவிழ்த்துப் பார்த்தான், கோணத்தை அளந்து பார்த்தான், ஒரு குறையும் அகப்படவில்லை. ஆக்சிலுக்குக் கீழே மட்டும் தரை ஈரமாக இருந்தது. பாசி வாசனை அடித்தது. கூரை ஒழுகவில்லை.

சுத்தியலால் தட்டினான்.

கணீரென்ற சத்தம் வரவில்லை. தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல் மொத்தென்றது. கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றான்.

உள்ளேயிருந்து யாரோ திரும்பத் தட்டினார்கள்.

அது முழு இரும்பு. அதற்கு உள்ளே என்று ஒரு இடம் கிடையாது. அன்றைக்கே கழற்றி வெட்டியிருக்க வேண்டும், நமக்குத் தெரிகிறது. ஆனால் ஷெட் வாசலில் நாற்காலியில் ஸ்ரீலேகா உட்கார்ந்திருந்தாள். மடியில் பள்ளிப் பை. ஒரு வருஷமாகத் தொடாத பையைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தாள்.

"எப்புடு நான்னா?" என்று கேட்டாள். எப்போப்பா என்று அர்த்தம். அவன் தமிழில் எது கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்கிற பெண்.

"நாளைக்குக் கண்ணு," என்றான்.

மறுநாள் காலை புஷ்பா வண்டிக்குக் குங்குமம் வைத்தாள். நாலு சக்கரத்துக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மகளை நாற்காலியோடு உருட்டி ஏற்றி, வாரைப் போட்டு இறுக்கிக் கட்டினான் புருஷோத்தமன். அவனே தைத்த வார், அறுந்துபோகாது. வண்டி கிளம்பியது. பின் சக்கரத்துப் பழங்கள் நசுங்கின. முன்னால் வைத்த இரண்டும் உருண்டு விலகிப் போய் முழுசாகக் கிடந்தன. புஷ்பா அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

பள்ளிக்கூடம் வலது பக்கம். ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தான். பிரேக்கை மிதித்தான். மதில் ஓரமாக வண்டி மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். அப்போதும் போயிற்று. பாசி வாசனை உள்ளே நிறைந்தது. ஸ்ரீலேகாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜன்னலோரம் வேப்பமரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மண்பாதையில் திரும்பி, குட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தானாக நின்றது.

தப்பித்தோம் என்று நினைத்தான். பின்னால் போய்க் கதவைத் திறந்து அவளை இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மனசில் இருந்தது. இறங்கினான். அவன் கால் மண்ணில் பட்டதும் வண்டி நகர்ந்தது. ஓடிப்போய் முன்னால் நின்று நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். செருப்பு அறுந்தது. குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீலேகா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

தண்ணீர் பெரிய சத்தம் எதுவும் எழுப்பவில்லை.

அவன் குதித்தான், மூழ்கினான், மறுபடியும் மூழ்கினான். கட்டிய வார் அவிழவில்லை. ஓடிவந்தவர்களால் அவனைத்தான் இழுத்துப் போட முடிந்தது. அவளைச் சாயங்காலம் எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, புருஷோத்தமன் கேஸ் கட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தான். கிரேன்காரர்கள் ஷெட்டில் போட்டுவிட்டுப் போன வண்டியிலிருந்து ஆக்சிலைக் கழற்றினான். புஷ்பா வாசலில் நின்றாள். அவனோடு அவள் பேசியே பல நாள் ஆகியிருந்தது.

"வெட்டுங்க," என்றாள்.

நெருப்பைப் பற்ற வைத்து, ஆக்சிலின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனான். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இரும்புக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. முன்பு கேட்டதுபோல் இல்லை. சின்னக் கை தட்டுகிற சத்தம்.

அதன் பின்னால், எங்கோ ஆழத்திலிருந்து:

"சலி நான்னா."

குளிருதுப்பா என்பதை அவள் எப்போதும் தெலுங்கில்தான் சொல்வாள்.

புருஷோத்தமன் புஷ்பாவைப் பார்த்தான். அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள்தான் வந்து கேஸை மூடினாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். ஸ்ரீலேகாவின் கட்டிலில் கிடத்தி, கம்பளிப் போர்வையை எடுத்துக் கழுத்தளவு இருக்கும் என்று தோன்றிய இடம்வரை இழுத்துப் போர்த்தினாள் புஷ்பா. ஜன்னலைச் சாத்தினாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

காலையில் போர்வை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. புஷ்பா அதைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு, பீரோவிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து போர்த்தினாள்.