காகத்துக்கு வைத்த சோறு

பீலிக்குள் சோறு கிடந்தது.

தாரகன் ஏணியில் நின்றபடி கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் எத்தனையோ வருடமாக ஊறிக் கிடந்த சருகைக் கையுறை போட்ட கையால் அள்ளிக் கீழே எறிந்துகொண்டிருந்தான். அவன் மனைவி சுலோஜனா ஏணியைப் பிடித்திருந்தாள். கறுத்துக் கூழாகிப் போன இலைகள் தொப்பென்று புல்லில் விழுந்து நாறின. அந்தக் கூழுக்குள் வெள்ளையாக என்னவோ தெரியவும் அவள் குனிந்து பார்த்தாள். பெருவிரல் அளவுச் சோற்று உருண்டைகள், ஏழெட்டு இருக்கும். அவற்றுக்குள் கறுப்பு எள்ளும் தெரிந்தது. காகம் கொத்திச் சிதறிய சோறு இப்படி இருக்காது. இது யாரோ வாயில் போட்டு மென்று, உருட்டி எடுத்து வைத்த சோறு. பருக்கைகளுக்கிடையில் எச்சில் நூல் நூலாக இழுபட்டது. அந்த எச்சில் இன்னும் காயவில்லை.

"நீர் காகத்துக்கு வைக்கிறதெல்லாம் இதுக்கைதான் கிடக்கு, பாரும்," என்றான் தாரகன்.

"காகம் சோத்தைச் சப்புமே?"

"மார்டரா இருக்கும். பூனை மாதிரி ஒரு சாமான், கூரைக்குள்ளை வந்து குடியிருக்கும். குளிர் வரப்போகுதெல்லே, சாப்பாடு சேர்க்குது."

ஹனோவருக்குப் பக்கத்தில் இந்தப் பழைய வீட்டை அவர்கள் வாங்கியது மே மாதம். இது முதல் இலையுதிர்காலம். ஒக்டோபர் முடிவதற்குள் பீலி துப்பரவாக்க வேண்டும், ஹீட்டர்களுக்குள் தங்கிய காற்றை எடுக்க வேண்டும், யன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கிழவர் மதிலுக்கு மேலால் பாடம் எடுத்திருந்தார். அதே கிழவர்தான், தோட்டத்தில் சோறு வைத்தால் எலி வரும் என்று முகத்தைச் சுளித்தவரும்.

அதனால்தான் புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்கு வைக்கும் எள்ளுச் சோறு கூரை யன்னலுக்குப் போனது. முதல் சனி அவள் பரண் ஏறி, யன்னலைத் தள்ளி, தலையை வெளியே நீட்டி, கா கா என்று கூப்பிட்டாள். ஒரு காகமும் வரவில்லை. இந்த நாட்டுக் காகங்களுக்கு அந்தக் கூப்பாடு விளங்காதோ என்னவோ. விரதகாரி காகம் தின்ற பிறகுதான் சாப்பிட வேண்டும். இரண்டு மணியானது. பசியில் கண் இருட்டியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, பரண் இருட்டைப் பார்த்தபடி, அலுத்துப்போய் இன்னொரு தரம் கூப்பிட்டாள். கா. அவ்வளவுதான். கீழே போய் அணைந்த விளக்கைக் கொளுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது சோற்றைக் காணவில்லை. அன்றைக்கு அவள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

அந்தக் கிழமையிலிருந்துதான் மகள் கவிசா வாயை மூடிக்கொண்டாள்.

கவிசாவுக்கு இரண்டு வயது. பருப்பும் சோறும் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் கையையும் சேர்த்துக் கடிக்கிற பிள்ளை. இப்போது கவளத்தைக் கண்டாலே உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினாள். பாலர் பள்ளியிலும் அதே கதை. சுலோஜனா பயந்துபோய் பிள்ளை வைத்தியரிடம் நேரம் எடுத்துக்கொண்டு ஓடினாள். தராசில் வைத்துப் பார்த்தால் எழுநூறு கிராம் கூடியிருந்தது. நல்லாய்த்தான் சாப்பிடுகிறாள், வீணாகக் கவலைப்படாதீர்கள் என்று வைத்தியர் சிரித்து அனுப்பிவிட்டார். வீட்டில் ஒரு பருக்கை இறங்காத பிள்ளைக்குக் கன்னம் மட்டும் எப்படி உப்புகிறது என்று சுலோஜனாவுக்கு விளங்கவில்லை. தன் பிள்ளை தன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அடுத்த சனிகளில் அவள் நேர்ந்துகொண்டதும் அதைத்தான்.

இன்று கடைசிச் சனி. மதியம் வைத்த சோறும் போய்விட்டது. ஆனால் பீலியில் கண்டதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. தாரகன் சருகை மூட்டையாகக் கட்டிக் காரில் ஏற்றினான்.

"நாலு மணிக்குக் குப்பை எடுக்கிற இடம் பூட்டிடுவாங்கள். குடுத்திட்டு ஓடி வாறன். நீர் சின்ன அறையிலை பட்டியை ஒட்டிவிடும், அதுக்காலைதான் காத்து வருது."

சின்ன அறை கவிசாவின் அறை. கூரை சரிந்து இறங்கும் இடத்தில், கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு மரக் கதவு இருந்தது. அதற்கு அப்பால் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிய வெளி, அதன் மறுபக்கம் பீலி. யன்னலுக்கு வெளியே இறங்கும் சுருள் மறைப்பு, ரோலாடன், காலையில் இழுத்துப் பார்த்தபோது பாதியில் இறுகிவிட்டதால் அறை மங்கலாக இருந்தது. மழை தூறத் தொடங்கியிருந்தது. கவிசா மதியத் தூக்கத்தில் இருந்தாள், கன்னம் பளபளவென்று.

சுலோஜனா பட்டியை வெட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். கதவின் இடுக்கால் காற்று வந்தது. அது குளிரவில்லை. வெதுவெதுப்பாக, புளித்த கஞ்சியும் விடிய எழும்பிப் பல் தீட்டாத வாயும் சேர்ந்த மணத்தோடு, விட்டு விட்டு வந்தது. கொஞ்சம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வெளியில் காற்று அப்படி அடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கவிசாவின் வாயோரத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. துவாயால் துடைத்தாள். துவாயில் கறுப்பாக ஒரு புள்ளி. இன்னொன்று. எள். அவள் பிள்ளையின் உதட்டை மெல்ல விரலால் பிரித்தாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சோற்றுக் கூழ் இருந்தது. சப்பியது கவிசா இல்லை. இன்று மதியம் பரணில் வைத்த சோறு.

 துவாயைத் தூர எறிந்தாள்.

மார்டராகத்தான் இருக்கும், வெறும் மிருகம், என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தாள். உள்ளே குளிர் புகாமல் கூரைக்கு அடைத்திருந்த மஞ்சள் கண்ணாடிப் பஞ்சைப் பிய்த்து வட்டமாக ஒரு கூடு. பூனைக்கான அளவில்லை. ஒரு ஆள் முழங்காலை மடித்துப் படுக்கலாம். கூட்டைச் சுற்றி உருண்டைகள், வரிசையாக, ஈரமாக. நடுவில் கவிசாவின் காணாமல் போன காலுறை, அவளுடைய தலைமயிர், சப்பிச் சப்பி வெளுத்துப்போன துணித் துண்டு. துணியை எடுக்கக் கையை நீட்டியபோது உள்ளங்கை பஞ்சில் அழுந்தியது. பஞ்சு சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழும்பிப் போன படுக்கையின் சூடு. விரல்களில் எச்சில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கதவை அடித்து மூடினாள். டேப்பை எடுத்து நான்கு பக்கமும் ஒட்டினாள். மேலே ஒட்டினாள். அதற்கு மேலேயும் ஒட்டினாள். உடுப்புப் பெட்டியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். குசினியில் கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். மணம் போகவில்லை.

தாரகனுக்கு அழைத்தாள். "இஞ்சேருங்கோ, உடனை வாங்கோ. மேலை ஏதோ இருக்குது. பிள்ளைக்குச் சோறு தீத்தியிருக்கு."

"என்ன கதைக்கிறீர்? மார்டர் எப்பிடிச் சோறு தீத்தும்?"

"மார்டர் இல்லையப்பா. வாங்கோ."

"வரிசையிலை நிக்கிறன், பத்து நிமிசத்திலை வாறன். கதவை அடைச்சிட்டீர்தானே? பிறகென்ன, பயப்பிடாதையும்."

ஓம், அடைத்தாயிற்று. அதை நினைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டாள். இனி அது அங்கே, பிள்ளை இங்கே. பருப்பும் சோறும் பிசைந்து, கவிசாவை மடியில் தன்னைப் பார்க்க இருத்தி, கவளத்தை நீட்டினாள்.

"ஆ காட்டுங்கோ குஞ்சு. அம்மான்ரை கையாலை ஒரு வாய்."

கவிசா உதட்டை இறுக்கினாள்.

"ஒரே ஒரு வாய், அம்மா பாவமெல்லே."

அப்போது மேலே இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

கா.

அது அவளுடைய குரல். முதல் சனி, பசியில், அலுத்துப்போய், பரண் இருட்டுக்குள் கூப்பிட்ட அதே குரல். அந்த அலுப்புக்கூட அப்படியே இருந்தது.

கவிசா தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள். அகலமாக, அண்ணம் தெரிய, கடைவாய் விரிய. கழுத்து நீண்டது. அப்படியே காத்திருந்தாள்.

மேலே டேப் உரிந்தது. மெதுவாக. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். பெட்டி நகர்ந்தது. படிகளில் காலடி கேட்கவில்லை. சுவரோடு ஈரத் துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

எழும்ப வேண்டும். வாசல் ஐந்து அடி தூரம். கவிசாவை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

புளித்த கஞ்சி மணம். முதுகுக்குப் பின்னால். கழுத்தில் வெதுவெதுப்பு. வந்தது. நின்றது. வந்தது. காதோரம் எதுவோ நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது.

கவிசா அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பயமே இல்லை, பசி மட்டும்.

தோளுக்கு மேலால் இரண்டு விரல்கள் வந்தன. நீளமாக, வெளுத்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போய். நுனியில் ஓர் உருண்டை. ஒரு பருக்கையும் சிந்தாமல், மிகப் பக்குவமாக, அதைக் கவிசாவின் நாக்கின் நடுவில் வைத்தன. பிள்ளை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

விரல்கள் பின்னால் போயின. மறுபடி சப்பும் சத்தம். இந்த முறை கூடுதல் நேரம்.

சுலோஜனா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அது அதற்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது உருண்டை கவிசாவைத் தாண்டித் திரும்பி, சுலோஜனாவின் மூடிய உதட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது. எள் மணத்தது.

"ஆ காட்டுங்கோ குஞ்சு," என்றது அவளுடைய குரல்.