வெல்வெட்டில் ஒரு வலது கை

"யா அல்லா...!"

ஸுகராவின் அலறல் கேட்டு அனார்கலி பஜாரில் பாதிக் கடைக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். மீதிப் பாதி கிளாஸோடு ஓடி வந்தார்கள்.

லாகூரின் டிசம்பர் பனி கலையாத காலை, ஒன்பதரை மணி. கல்யாண உடை தைக்கும் அந்தக் கடையின் பின்னறையில் பெரிய முதலாளி மெஹ்தாப் பட் மல்லாந்து கிடந்தார்.

கழுத்தில் ஒரு சால்வை இறுகியிருந்தது.

மணப்பெண்ணின் வெல்வெட் சூட்டுக்கு மேல் போர்த்துவதற்காகக் கையால் நெய்த சால்வை. நெய்ய எட்டு மாதம்... கொல்ல எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது!

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் தன்வீர் கோந்தல் வந்தார். பத்தேகாலுக்கு ஸுகராவின் கணவன் பஷாரத் கைவிலங்கோடு ஜீப்பில் இருந்தான். துணி வெட்டுபவன். காலையில் கடை திறப்பவன். நேற்று எல்லோர் முன்னாலும் பெரிய முதலாளியிடம் அறை வாங்கியவன். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

"அவரு இல்ல சாஹிப்!" ஸுகரா கதறினாள். "தூக்குல போட்டுடுவாங்க சாஹிப்!"

"எல்லாப் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தியாவது 'இந்த ஆளுதான், கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னா எனக்கு வேலை மிச்சம்."

"அவரு வலது கையில மூணு வெரல்தான் சாஹிப்! ரெண்டு மெஷின்ல போயிடுச்சு."

"நெரிக்க மூணு தாராளம்."

"ஆனா கொன்னவனுக்கு அஞ்சு!"

இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்குவதை நிறுத்தினார்.

"என்ன சொன்னே?"

"வெல்வெட்ல கையை ஊன்றினா அச்சு அப்படியே நிக்கும் சாஹிப். பின்ரூம் பொம்மைக்குப் போட்டிருந்த மெரூன் சூட்... நேத்து ராத்திரி நான் தேய்ச்சு வெச்சப்ப ஒண்ணுமே இல்ல. காலையில முதுகுல ஒரு வலது கை! முழுசா அஞ்சு வெரல்! ஒரு வெரல்ல மோதிரத் தடம்கூட இருந்துச்சு!"

"காட்டு!"

முன் ஹாலில் பொம்மை நின்றது. மெரூன் வெல்வெட் மழமழவென்று மின்னியது. ஒரு சுருக்கம் இல்லை.

"எங்கே?"

ஸுகரா மேஜைமேல் இருந்த ஸ்டீம் அயர்னைக் காட்டினாள்.

"அழிச்சிட்டேன் சாஹிப்..."

"என்னது!"

"உள்ளே பொணம் கெடக்கிறது அப்பத் தெரியாது. ஜவ்வாத் பாய் பொம்மையை வெளிய தூக்கிட்டு வந்தாரு. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வராங்க, நசுங்கினதைச் சரி பண்ணுன்னாரு. ஸ்டீம் அயர்ன் வெச்சேன். இருபது வருஷமா அதான் என் வேலை... என் கையாலேயே என் புருஷனை..."

முடிக்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மூலையில் கர்ச்சீப்பும் கையுமாக நின்ற ஜவ்வாத், கடையின் இளைய பங்குதாரன். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். அந்த மெரூன் சூட்டும் சால்வையும் அவன் தன் மணப்பெண்ணுக்கு அனுப்பவேண்டிய சீர்.

"மெஷின் சால்வையைக் கைநெசவுன்னு விக்கிறியான்னு பெரியவர் நேத்து இவரைத் திட்டினாரு சாஹிப்!" ஸுகரா ஜவ்வாதைக் கைகாட்டினாள்.

"ஸுகரா பாபி, பாவம் உங்களுக்கு மூளை கலங்கிடுச்சு." ஜவ்வாத் வலது கையை மெல்லப் பாக்கெட்டுக்குள் விட்டான். "அச்சைப் பாத்தது நீங்க மட்டும்தானே? எந்த கோர்ட் நம்பும்?"

"போட்டோ இருக்கு!"

கர்ச்சீப் கீழே விழுந்தது.

"ஸ்டீம் வைக்கிறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு போட்டோ எடுத்துடுவேன் சாஹிப். இல்லேன்னா கஸ்டமர் நசுக்கினதையும் என் தலையில கட்டிடுவாங்க!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். அவளுடைய செல்போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

ஐந்து விரல்கள். நான்காவது விரலில் மோதிரத் தடம்.

நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேற யாருக்காவது அனுப்பினியா?"

"இல்ல சாஹிப். முதல்ல உங்ககிட்டதான் காட்றேன்."

"நல்லது."

அவருடைய கட்டைவிரல் திரையில் ஒரு முறை அழுத்தியது. பிறகு, அழித்த படங்கள் போய்ச் சேரும் குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்தது.

"சாஹிப்! என்ன பண்றீங்க...?"

"பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வருவாங்கன்னு சொன்னான் இல்ல?" இன்ஸ்பெக்டர் போனை அவள் கையில் திணித்தார். "நான்தான் அது. அந்த மோதிரத்தையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். நாளைக்கு என் பொண்ணுக்கு மெஹந்தி. எண்ணூறு பேருக்குக் கார்டு குடுத்தாச்சு பீபி... நான் என்ன பண்ண?"

ஸுகரா அப்படியே தரையில் சரிந்தாள். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இனி யாரிடம் போய்ச் சொல்வது? போலீஸிடமா?

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசல் வரை வந்த ஜவ்வாதின் காதருகே குனிந்தார்.

"மாப்ளே... நிக்காஹ் அன்னிக்கு மேடையில வெல்வெட் சோபாதான் போடறாங்க. தயவுசெஞ்சு கையை மடியிலேயே வெச்சுக்கோ!"