ஹிஸ்ட்ரி நோட்டு

சீதாவின் அம்மாவுக்கு அந்த நீல அட்டை நோட்டைப் பார்த்தாலே வாயெல்லாம் பல்தான்.

"எங்க சீதா ஸ்கூல் விட்டு வந்ததும் ஹிஸ்ட்ரி நோட்டைத்தான் கையில எடுப்பா. யாரும் சொல்லவே வேண்டாம். தானா உக்காந்து எழுதுவா!" என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்டையில் 'ஹிஸ்ட்ரி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே அசோகரும் கிடையாது, அக்பரும் கிடையாது. பின்னே யார் இருந்தார்கள் என்கிறீர்களா? அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்!

அது 1999ஆம் வருடம். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சீதாவின் அப்பா சுயம்புலிங்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்த வருடம்தான் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, 'இன்டர்நெட் பார்க்கலாம்' என்று போர்டும் மாட்டினார். டெலிபோன் வழியாக 'கீ… கொர்ர்ர்… கீ' என்று ஒரு கூச்சல் கேட்கும். அது அடங்கினால் இன்டர்நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். தெருவே வந்து வரிசையில் நின்றது.

சாயங்காலம் கடையைப் பார்த்துக்கொண்டவர் முத்துகிருஷ்ணன். சீதாவின் தாய்மாமா. திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, ஆனால் அவர் மண்டைக்குள் நிமிடத்துக்கு ஒரு யோசனை ஓடும்.

"மருமவளே, இங்க வா. ஒரு அதிசயம் காட்டுதேன்" என்றார் ஒரு நாள். "இந்த மூலையில 'ஹிஸ்ட்ரி'ன்னு இருக்கு பாரு. இதை அமுக்கினா, இங்க உக்காந்தவங்க என்னென்ன பார்த்தாங்கன்னு வரிசையா வரும்."

"அது எதுக்கு மாமா நமக்கு?"

"எதுக்கா? யாருக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியும். அதை விக்கிற கடை எதுன்னும் தெரியும். ரெண்டையும் சேர்த்துவிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே! உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நான் வாசிக்கேன், நீ எழுது."

இப்படித்தான் பிறந்தது ஹிஸ்ட்ரி நோட்டு. மாமா வாசிப்பார். சீதா எழுதுவாள். மெய்யெழுத்துக்கு அவள் புள்ளி வைக்க மாட்டாள், குட்டியாக ஒரு வட்டம் போடுவாள். மாமா தினமும் அந்தப் பக்கத்தைக் கடைகளுக்குக் காட்டுவார். கடைக்காரர்கள் வீடு தேடி நோட்டீஸ் கொடுப்பார்கள். பதிலுக்கு மாமாவுக்குக் காப்பித்தூள், ஊதுபத்தி என்று ஏதாவது வரும். சீதாவுக்கு ஒரு ஜெல் பேனா கிடைத்தது.

மாமாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. 'ஜாவா' என்ற கம்ப்யூட்டர் பாடத்தைத் தேடிய கல்லூரி அண்ணனுக்கு, அதில் காப்பிக் கோப்பைப் படம் இருந்ததால் காப்பித்தூள் நோட்டீஸ் போனது. 'மவுஸ்' வாங்க விசாரித்தவருக்கு எலிப்பொறி நோட்டீஸ் போனது. சீதா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பாகத்தானே இருந்தது, அந்தப் புதன்கிழமை வரைக்கும்!

புதன்கிழமை ஸ்ரீநாத் வந்தான். எதிர் வீட்டுப் பையன், அவளோடு ஏழாம் வகுப்பு படிக்கிறவன். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, அரை மணி நேரம் கழித்து யாரிடமும் பேசாமல் போய்விட்டான்.

"மூணாம் நம்பர், ஸ்ரீநாத்" என்று மாமா வாசித்தார். "பெட் வெட்டிங்!"

"என்னது மாமா?"

"பெட்டுன்னா கட்டில். வெட்டிங்னா கல்யாணம். கல்யாணக் கட்டில்! அவங்க வீட்டுல யாருக்கோ கல்யாணம் போலிருக்கு. எழுது."

சீதா எழுதினாள், வட்டம் வட்டமாகப் புள்ளி வைத்து.

சனிக்கிழமை காலையில் தெருவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீநாத்தான் பேட்டிங். ராயப்பேட்டையில் கட்டில் கடை வைத்திருக்கும் நூர் முஹம்மது பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ரோஜா நிற நோட்டீஸ்.

"இங்க மாப்பிள்ளை ஸ்ரீநாத் யாருங்க?"

பந்து போட ஓடி வந்த, இவர்கள் வகுப்பிலேயே படிக்கும் பக்கத்து வீட்டு ஸ்நேஹா அப்படியே நின்றுவிட்டாள். ஸ்ரீநாத் மெல்லக் கையைத் தூக்கினான். பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கா கல்யாணம், தம்பி?"

"எனக்கு அண்ணனே இல்லையே."

ஸ்நேஹா நோட்டீஸை வாங்கி உரக்கப் படித்தாள். அவளிடம் ஒரு விஷயம் போனால் ரேடியோவில் வந்த மாதிரிதான். "மணமகன் ஸ்ரீநாத் அவர்களுக்கு வாழ்த்துகள்! உங்கள் இல்லறம் இனிக்க, நூர் தேக்குக் கட்டில்!"

தெருவே கொல்லென்று சிரித்தது. சீதாவும் சிரித்தாள். ஆனால் ஸ்ரீநாத்தின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பேட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

"இவனுக்கு ஏன் கட்டில் நோட்டீஸ் வரணும்? இதுல என்னமோ இருக்கு. நான் கண்டுபிடிக்கிறேன் பார்" என்றாள் ஸ்நேஹா.

சீதா அவன் வீட்டு மாடிப்படிக்குப் போனாள். ஸ்ரீநாத் நடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கல்யாண நோட்டீஸ்தானேடா. இதுக்குப் போய் அழறியே."

"அது கல்யாண வெட்டிங் இல்ல சீதா" என்றான் அவன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நனையறதை இங்கிலீஷ்ல சொல்லுவாளே, அந்த வெட்டிங். எனக்கு ராத்திரி… படுக்கையில… அம்மாக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

சீதா அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கவுட் கேம்ப். மூணு ராத்திரி எல்லாரோடயும் படுக்கணும். அதான் பயந்துண்டே போய்ப் பார்த்தேன். உலகத்துல எத்தனையோ பசங்களுக்கு இப்படி இருக்குன்னு போட்டிருந்தது. தன்னால சரியாப் போயிடும்னும் போட்டிருந்தது. எவ்ளோ சந்தோஷமா இருந்தது தெரியுமா? நான் பார்த்தது யாருக்குத் தெரிஞ்சுது சீதா? ஸ்நேஹா கண்டுபிடிச்சுடுவா. நான் கேம்ப்புக்குப் போகமாட்டேன். ஸ்கூலுக்கே போகமாட்டேன்."

மாமா மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தான்டா எழுதினேன். மாமா வாசிச்சாங்க, நான் எழுதினேன். என்னன்னு தெரியாமலே எழுதிட்டேன்."

ஸ்ரீநாத் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீயா?" என்றான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த 'நீயா' சீதாவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. மத்தியானம் சாம்பார் இறங்கவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அதிலும் ஸ்நேஹாவின் வாயை எப்படி மூடுவது?

யோசித்துக்கொண்டே கடைக்குப் போனாள். மேசை மேல் பாய் விட்டுப்போன ரோஜா நிற நோட்டீஸ் கட்டு இருந்தது. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. சீதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தனுக்கு மட்டும் வந்தால்தானே 'ஏன் வந்தது' என்று கேட்பார்கள்? எல்லாருக்கும் வந்தால்?

ஜெல் பேனாவை எடுத்தாள். தெருவில் இருபத்து மூன்று வீடு. இருபத்து மூன்று நோட்டீஸ் எழுதி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகும்போது ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் செருகிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து காப்பி குடித்தாள்.

எட்டு மணிக்கெல்லாம் தெரு அமளிதுமளிப்பட்டது.

முதலில் ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் ராகவேந்திரன் கடை வாசலுக்கு வந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. பின்னாலேயே அவர் மனைவி சாருலதா மாமி.

"ஏன்னா, இந்த வயசுல யாருன்னா அந்தப் பொண்ணு? எனக்கும் சொல்லுங்கோளேன்!"

"சும்மா இரேன்டி, மானம் போறது!"

அடுத்தது ஆட்டோ கனகராஜ். "இன்னா நைனா இது! மணமகன் கனகராஜாம். மூணு பசங்க கீறாங்க எனக்கு. எம் பொண்டாட்டி 'நோட்டீஸ் வந்துச்சில்ல, கட்டில வாங்கு'ன்னு ரகளை பண்ணிக்கினு கீறா!"

ஸ்நேஹா அழாத குறையாக வந்தாள். "எனக்கும் வந்திருக்கு அங்கிள். மணமகள் ஸ்நேஹாவாம்!"

ஸ்ரீநாத் கூட்டத்தின் கடைசியில் நின்றான். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று மாப்பிள்ளை பொண்ணுகளில் அவனும் ஒருத்தன், அவ்வளவுதான்.

சீதாவின் அப்பா ஒன்றும் புரியாமல் விழித்தார். ராகவேந்திரன் தாத்தா நோட்டீஸைக் கண்ணருகே கொண்டுபோனார். முப்பது வருடம் நோட்டுத் திருத்திய கண்ணாயிற்றே!

"என் பேர்ல 'ன்'னுக்குப் புள்ளி வெக்காம வட்டம் போட்டிருக்கே. இது யார் கையெழுத்து?"

மாமா சட்டென்று சீதாவைப் பார்த்தார். சீதா முன்னால் வந்தாள்.

"நான்தான் எழுதினேன் தாத்தா." ஹிஸ்ட்ரி பற்றியும், மாமா வாசித்தது, அவள் எழுதியது, கடைகளுக்குப் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நீல நோட்டையும் எடுத்துக் காட்டினாள்.

"ஓ, அதான் எனக்கு எலிப்பொறி வந்துச்சா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஏலே முத்து!" என்றார் அப்பா. மாமா ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அப்போதுதான் ஸ்நேஹாவுக்கு மூக்கு வேர்த்தது. "அப்போ முதல்ல ஸ்ரீநாத்துக்குத்தானே வந்துது? அவன் என்ன பார்த்தான்? அந்தப் பக்கத்தைக் காட்டு."

கூட்டம் சீதாவின் கையையே பார்த்தது. ஸ்ரீநாத் தலையைக் குனிந்துகொண்டான்.

சீதா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "காட்டறேன். ஆனா ஒரு பக்கத்தை மட்டும் காட்டமாட்டேன். முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு, எல்லாரும் பார்த்ததையும் சத்தமா வாசிப்பேன். ஸ்நேஹா, உன்னோடது நாலாவது பக்கம். வாசிக்கட்டுமா?"

ஸ்நேஹா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

"தாத்தா, உங்களோடது ஒன்பதாவது பக்கம்."

"க்கும்… அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?" என்று தாத்தா வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "கெட்டிக்காரக் குழந்தை. வேண்டாம், வேண்டாம்."

"கிழிச்சிப் போட்டுடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினார் கனகராஜ்.

அத்தனை பேருக்கும் அந்த நிமிடம் எதுவோ ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அப்பா நோட்டை வாங்கினார். திறந்து பார்க்கவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்து சீதாவின் முன் வைத்தார்.

"நம்பி வந்து உக்காந்தாங்க, நாம எட்டிப் பார்த்துட்டோம். நீ எழுதினதை நீயே கிழிச்சிரு தாயி."

சீதா ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டாள். ஜெல் பேனா மை கரைந்து வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது. அப்பா அன்றைக்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அட்டையில் ஒரு தடுப்பு கட்டினார். ஹிஸ்ட்ரியை எப்படி அழிப்பது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் வேலை மாமாவின் தலையில் விழுந்தது. நூர் பாய்க்கு மட்டும் ஒரு கட்டில் விற்றது. கனகராஜ் மனைவி விடவில்லையே!

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீநாத் முதுகில் மூட்டையோடு கடை வாசலில் நின்றான்.

"ஸ்கவுட் மாஸ்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். 'இதுக்கா இவ்ளோ யோசிச்சே, நான் எழுப்பி விடறேன்'னார்."

"என் மேல கோவம் போயிடுச்சா?"

"பாதி" என்று சிரித்துவிட்டு ஓடினான்.

திங்கட்கிழமை மாலை திரும்பி வந்தான். மூன்று ராத்திரி என்ன ஆயிற்று என்று கேட்க சீதாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கடலை மிட்டாய் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். அவனே சொன்னான்.

"ரெண்டு நாள் ஒண்ணும் ஆகல. மூணாம் நாள் ஆயிடுத்து. சார் விடியறதுக்கு முன்னாலயே போர்வையைத் துவைச்சுக் காயப் போட்டுட்டார். கொடியில பார்த்தா, அங்க ஏற்கெனவே ரெண்டு போர்வை காய்ஞ்சிண்டிருந்தது."

"யாரோடது?"

"நான் கேட்கலை" என்றான் ஸ்ரீநாத். மிட்டாயை உடைத்துப் பெரிய துண்டை அவளிடம் நீட்டினான். "மீதிக் கோவமும் போயிடுத்து."

அந்த நேரம் பார்த்து, பத்து நாள் திருநெல்வேலிக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பிய அம்மா கடைக்குள் வந்தாள். கையில் சீதாவின் பரீட்சைப் பேப்பர்.

"என்னடி இது, ஹிஸ்ட்ரியில முப்பத்தெட்டு மார்க்கு? விழுந்து விழுந்து எழுதினியே, அந்த நோட்டு எங்கடி?"

சீதா ஸ்ரீநாத்தைப் பார்த்தாள். ஸ்ரீநாத் சீதாவைப் பார்த்தான்.

"வாளியில போட்டுட்டேம்மா!" என்று சீதா சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்புப் பீறிட்டு, கடலை மிட்டாய் புரையேறிவிட்டது.