ஊது, ஊது, இன்னும் ஊது

காலையில் எழுந்ததும் மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் சுவரைத்தான் பார்த்தாள். முந்தின நாள் காலையில் கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்திருந்தாள். இப்போது கறை அந்தக் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை வந்திருந்தது. மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை, ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் தலையணை இருந்த திசையில் மட்டும் வந்திருந்தது.

"வா, வா. வீட்டுக்காரனுக்கு இருக்கிற திமிர்தானே உனக்கும் இருக்கும்" என்று சுவரிடமே சொல்லிவிட்டு அடுத்த கோட்டைப் போட்டாள். பென்சில் முனை அழுந்திய இடத்தில் பூச்சு மெத்தென்று உள்ளே போய், பிறகு மெதுவாக மேலே வந்தது. ஈரம் ஊறிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை மருத்துவமனையின் நெஞ்சுப் பிரிவில். வருகிறவர்களின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்று மிஷினில் அளக்க வேண்டும். "நல்லா இழுங்க, டப்புனு விடுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், இன்னும்..." என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி அவளுடைய தொண்டையே கரகரத்துப் போயிருந்தது. சின்னப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஊது அக்கா'. பதினொரு வருஷ அனுபவம். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குப் புகைப் பழக்கம், யார் லீவுக்காக நடிக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளின் ஏழு வயது மகள், இந்த வாடகை வீட்டுக்கு வந்த நான்காம் மாதத்திலிருந்து, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி விசிலடித்துக்கொண்டு கிடந்தாள். ஊருக்கெல்லாம் மூச்சளக்கிறவளின் வீட்டில் இந்த லட்சணம். நினைத்தால் அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

முதலில் வந்தது வாசனைதான். மழையில் நனைந்த கோணியைச் சுருட்டி மூலையில் போட்டுப் பத்து நாள் கழித்துப் பிரித்தால் அடிக்குமே, அந்த வாசனை, அலமாரியில் மடித்து வைத்த யூனிஃபார்மில், பாடப் புத்தகங்களின் நடுப்பக்கத்தில், துவட்டின துண்டில், கடைசியில் மகளின் உச்சந்தலையில் என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்துக்கொண்டே வந்தது. அப்புறம் கடுகைத் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாள் ஒளிந்திருக்கும். மூன்றாம் நாள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

"மருந்தை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா, வீட்டை மாத்து" என்று அவளுடைய பிரிவு டாக்டரே சொல்லிவிட்டார். ஏழு வீடு பார்த்தாள். ஒன்று கிடைக்கவில்லை, ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பஸ் தூரம், மற்றதெல்லாம் இதைவிட மோசம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு ஓடவும் மனசில்லை. தப்புப் பண்ணினவன் சுகமாக இருக்கிறான், நான் ஏன் மூட்டை கட்ட வேண்டும்? அந்த ஆளே வந்து சரிபண்ணிக் கொடுக்கட்டும். வெளியூரில் வேலை பார்த்த கணவன் போனில், "கொஞ்சம் பொறுமையாப் பேசு, விரோதம் வச்சுக்காதே" என்றான். "நீங்க இங்க வந்து ஒரு ராத்திரி அவ பக்கத்துல படுத்துட்டு அப்புறம் பொறுமையைப் பத்திப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

"ஏம்மா, எனக்கு மூணு வீடு இருக்கு. ஒருத்தரும் இப்படி நச்சரிக்கிறதில்ல. நீங்க துணியை உள்ள காயப் போடறீங்க. ஜன்னலைத் திறக்கறதே இல்ல."

"சார், ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர் மூக்குல இடிக்குது. அது வழியா எந்தக் காத்து வரும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வீட்டைச் சுத்தமா வச்சுக்கணும்மா."

பதினொரு வருஷமாக, கிருமி ஒட்டக்கூடாது என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிறவள் அவள். அவளைப் பார்த்துச் சுத்தம் என்கிறான். அன்றைக்குத்தான் பென்சிலை எடுத்தாள். மருத்துவமனையில் எதையும் எழுதி வைத்தால்தான் நம்புவார்கள். இவனும் நம்பித்தான் ஆக வேண்டும். தினமும் ஒரு கோடு, ஒரு தேதி, ஒரு போட்டோ. மூன்று வாரம் ஆவதற்குள் சுவரில் பத்தொன்பது கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, தலையணையை நோக்கி.

இருபதாவது கோட்டைப் போட்ட அன்று சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்பில் தூங்கிப்போயிருந்தாள். விளக்கு போடாத அறையில் ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும். மாடிக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எங்கோ பிரஷர் குக்கர் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் மகளின் நெஞ்சு விசில். உள்ளே போகும்போது சின்னதாக, வெளியே வரும்போது நீளமாக. அவள் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் தப்பியது. மகள் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அறைக்குள் இரண்டு மூச்சு கேட்டது.

காதைச் சுவரில் வைத்தாள். சில்லென்று இருந்தது. குழாயாக இருக்கும் என்று போய் மெயின் வால்வை மூடிவிட்டு வந்தாள். மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. மறுபடி காதை வைத்தாள். மகள் உள்ளே இழுத்தபோது சுவர் வெளியே விட்டது. மகள் வெளியே விட்டபோது சுவர் உள்ளே இழுத்தது. நீளமாக, நிதானமாக, பெரிய நெஞ்சுள்ள யாரோ ஒருவர் அந்தப் பக்கம் படுத்திருப்பதைப் போல. அந்தப் பக்கம் அறை எதுவும் கிடையாது. ஒரு முழ இடைவெளி, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர்.

அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மகளை அள்ளிக்கொண்டு கூடத்தில் படுக்கப் போட்டாள். போனை எடுத்தாள்.

"சார், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் வந்து இந்தச் சுவரைச் சுரண்டி, அடைச்சு, ஒரு ஊசி நுழைய இடமில்லாம பெயின்ட் அடிச்சாகணும். இல்லேன்னா இருபது போட்டோவும் டாக்டர் சீட்டும் சுகாதார ஆபீஸ்ல இருக்கும். உங்க மூணு வீட்டையும் வந்து பார்ப்பாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிம்மா, சரிம்மா. எதுக்கு இவ்வளவு கோபம்" என்றார். பதினொரு வருஷத்தில் அவள் கேட்ட எந்தக் காற்றும் அந்தப் பெருமூச்சு மாதிரி இனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் கூடவே பெயின்டரும் வந்தார்கள். பெயின்டர் ஒல்லியான, நடுவயதுக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. ஈரச் சுவரை இறுக்கி மூடக்கூடாது. சுவரும் மூச்சு விடணும். இங்க அடைச்சா அது வேற வழியாத்தான் வரும். ரெண்டு மாசம் காய விட்டு..."

"ரெண்டு மாசமா? என் பொண்ணு அதுவரைக்கும் மூச்சு விடாம இருப்பாளா? அடைங்க அண்ணே. நான் பார்த்துக்கறேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். அவளுடைய இருபது கோடுகளும் தூளாகக் கீழே விழுந்தன. அடியில் பச்சைப் பெயின்ட். அதற்கடியில் மஞ்சள். மஞ்சளில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, பக்கத்தில் தேதி போட்டு, அதே மூலையை நோக்கி. கையெழுத்து மட்டும் வேறு. கடைசிக் கோடு தலையணை உயரத்தில் நின்றிருந்தது.

"இது யார் போட்டது?" என்றாள்.

"முன்னாடி குடியிருந்தவங்க. அந்தம்மாவும் உங்களை மாதிரிதான், வாயாடி" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "அவங்க பையனுக்கும் இதே இளைப்புன்னு உயிரை எடுத்தாங்க. இதே மாதிரிதான், அந்த மஞ்சள் மேலேயே பச்சை அடிச்சு அடைச்சுக் கொடுத்தேன். அடிச்ச மூணாம் நாள் பையனுக்கு இளைப்பு சுத்தமா நின்னுடுச்சு. நீங்களும் பாருங்க, என்னைக் கும்பிடுவீங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டாங்க. சாவியைக் கூடக் கதவுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க."

இரண்டு பூச்சு. பளபளவென்று, வழித்துவிட்ட தட்டு மாதிரி வெள்ளைச் சுவர். அவள் ஜெயித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மகளுக்கு இளைப்பு நின்றது.

விசில் இல்லை, இருமல் இல்லை, இன்ஹேலர் பஃப் தேவையில்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். அவளும் கணவனுக்குப் போன் போட்டு, "பார்த்தீங்களா, பொறுமையாப் பேசியிருந்தா நடந்திருக்குமா?" என்று ஒரு பிடி பிடித்தாள். வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போனதில் லேசான வருத்தம்கூட இருந்தது.

நான்காம் நாள் காலையில், தூங்கும் மகளின் மேல் குனிந்தாள். மூச்சுச் சத்தமே இல்லை. பதறிப்போய் மூக்கின் கீழே புறங்கையை வைத்தாள். காற்று வந்தது. குழந்தைகளின் மூச்சு வெதுவெதுப்பாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. வந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கும்வரை அது உள்ளே திரும்பவில்லை. மோந்து பார்த்தாள். புதுப் பெயின்ட் வாசனை. அதற்கடியில் கோணி.

"எழுந்திருடி வாலு. இன்னிக்கு ஸ்கூல் வேண்டாம். என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றே."

"எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா."

"அதை நான் சொல்லணும்."

மணி பதினொன்று. வெளியே வரிசையில் ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். டியூப் லைட் வெளிச்சம், டெட்டால் வாசனை, சுவரில் அவளே ஒட்டின பலூன் படம். இந்த அறையில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. மகளை ஸ்டூலில் உட்கார வைத்தாள். மூக்கில் கிளிப். வாயில் புது அட்டைக் குழாய். போன மாதம் இதே மிஷினில் இவள் ஊதியது ஒரு லிட்டருக்கும் குறைவு. நல்ல குழந்தை ஒன்றரை லிட்டர் ஊதும். ஆறு விநாடியில் முடிந்துவிடும்.

"நல்லா இழு. இன்னும். இப்ப விடு! ஊது, ஊது, ஊது..."

திரையில் கோடு ஏறியது. ஒன்று. ஒன்றரை. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "சபாஷ்டி என் தங்கம், இன்னும், இன்னும்..."

இரண்டு. மூன்று.

ஆறு விநாடி முடிந்தது. மிஷின் 'பீப்' என்றது. கோடு வளைந்து படுக்க வேண்டும். படுக்கவில்லை.

நான்கு. ஐந்து. நன்றாக வளர்ந்த ஆம்பளையின் அளவு. அதையும் தாண்டியது.

"போதும்மா. நிறுத்து."

மகளின் நெஞ்சு கீழே இறங்கவேயில்லை. வயிறு ஒட்டவில்லை. தோள் அசையவில்லை. காற்று மட்டும் வந்தது. நிதானமாக. நீளமாக.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். காதைச் சுவரில் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

"போதும்னு சொல்றேன்ல! நிறுத்துடி!"

குழாயைப் பிடுங்கினாள். வாய் அப்படியே வட்டமாகத் திறந்திருந்தது. நிற்கவில்லை. மேஜை மேலிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. பலூன் படம் ஓரத்தில் பெயர்ந்து படபடத்தது. அறை முழுக்கக் கோணி வாசனை. நாற்பது விநாடி. ஐம்பது.

அந்த முகத்தில் கண்கள் மட்டும் மகளுடையவையாக இருந்தன. அவை அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தன. சின்னக் கை தட்டித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஈரமாக. சில்லென்று. அவள் பயந்துபோய் அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள். விரல் பட்ட இடத்தில் சதை மெத்தென்று உள்ளே போய், பிறகு மெதுவாக மேலே வந்தது.

திறந்திருந்த வாயின் ஓரத்தில், கீழுதட்டில், கடுகளவு கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று வந்தது.