மெல்கெரோட பாட்டு அழிஞ்ச சனிக்கிழமை

ரெண்டு கோடு. அதுக்குக் கீழ ரெண்டு கோடு. அதுக்கும் கீழ…

ஹெட்டா பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்தா. அடுத்த பக்கம். அதுக்கடுத்த பக்கம். எண்ணும் எழுத்துமா நெருக்கியடிச்சுட்டு இருக்க வேண்டிய கட்டத்துல எல்லாம் வெறும் கோடு. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இந்தக் கேம்பாய்க்குள்ள, கையில பிடிச்சு விளையாடற இந்தப் பழைய வீடியோ கேம் டப்பாவுக்குள்ள, ஒரு பாட்டு இருந்துச்சு. இப்ப இல்ல.

விளையாட்டுக்குத்தான் பண்ணினா. சத்தியமா விளையாட்டுக்குத்தான். பிளக்கைப் பிடுங்கி, ஒண்ணு… ரெண்டுன்னு எண்ணி, திருப்பி மாட்டினா. அவ்வளவுதான்!

அதனால பாட்டு போகக் கூடாதே. டப்பாவுல சொருகுற கேட்ரிட்ஜ் எல்லாத்துக்குள்ளயும் சட்டை பட்டன் மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும்ல… கரண்ட் போனாலும் பாட்டை அது பிடிச்சு வச்சுக்கும்ல… ஹெட்டாவோட கேட்ரிட்ஜ் அவ பதினோரு வயசுல போட்ட பாட்டைக் கூட இன்னும் வச்சிருக்கு. இவனோடது மட்டும் ஏன்?

அவன் இப்ப வந்துடுவான். காபி வாங்கத்தான் போயிருக்கான்.

அவன்னா… மெல்கெர். பேரு தெரிஞ்சே அஞ்சு மணி நேரம்தான் ஆகுது.

காலையில முதல் முதலா சண்டையிலதான் ஆரம்பிச்சுது. ஸ்வீடன்ல போரோஸ் ஊர் ஹேண்ட்பால் அரங்கம். ஈஸ்டர் லீவுல, பழைய கேம் டப்பாவுல பாட்டு போடறவங்களுக்குப் போட்டி. நீளநீளமா மேஜை, மேஜை பூரா பழைய மெஷின், மேஜைக்கடியில ராத்திரி படுக்கத் தூக்கப் பை. ஹெட்டாவும் அவ ஃப்ரெண்ட் லூவாவும் முதல் ரயிலைப் பிடிச்சு வந்து இடம் பிடிச்சா, பொசுக்குனு ஹெட்டாவோட விளக்கு அணைஞ்சுது.

"ஹலோ… அது என் விளக்கு."

"தெரியும்." மேஜைக்கடியிலேருந்து ஒரு குரல். "வெளிச்சம் இல்லன்னாலும் உனக்குக் காது கேக்கும். என் பிளக் பாயிண்ட் ஆடுது, எனக்குக் கரண்ட் இல்லன்னா உயிரே போயிடும்."

"கேட்டுட்டுப் பிடுங்க மாட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

சொல்லிட்டு எழுந்து வந்தான் பாருங்க… ரெண்டு ராத்திரி தூங்காத கண்ணு. ஓரம் எல்லாம் சிவந்து, நடுவுல மட்டும் மழைக்கு முன்னாடி ஏரி இருக்குமே, அந்த நிறம். ஹெட்டா திட்டணும்னு திறந்த வாயை மூடவே மறந்துட்டா. லூவா பக்கத்துலேருந்து இடிச்சா.

"ஏய், வாயை மூடுடீ. ஈ உள்ள போயிடும்."

அப்புறம் அவனே ஒரு ஹெட்ஃபோனை நீட்டினான். "ரெண்டு காதுலயும் சமமா கேக்குதா? எனக்கு இப்ப எதுவும் கேக்கல, காது மரத்துப் போச்சு."

கேட்டா. நாலே நாலு குரல்தான் அந்தச் சாம்பல் டப்பாவுக்கு. ரெண்டு கூவும், ஒண்ணு முனகும், ஒண்ணு வெறும் இரைச்சல். அதை வச்சுக்கிட்டு அவன் என்னமோ பண்ணியிருந்தான். இரைச்சலை எடுத்து மழை ஆக்கியிருந்தான். அந்த மழைக்குள்ள யாரோ வீட்டுக்குப் போகாம நின்னுக்கிட்டிருக்கிற மாதிரி ஒரு மெட்டு. ஹெட்டா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பாத்தா. நல்லா இருக்குன்னு சொல்லணும்… ஆனா வாயிலேருந்து வந்தது, "இடது பக்கம் சத்தம் கொஞ்சம் கம்மி."

"ஓ," அப்படின்னான் அவன். திரும்பி ஸ்கிரீனைப் பாக்க ஆரம்பிச்சவன்தான். ஹெட்ஃபோனைத் திருப்பிக் கேக்கவே இல்ல. மூணு மணி நேரம் அதே பாட்டு அவ காதுலயும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவ இருமினா, நாற்காலியை இழுத்தா, லூவாகிட்ட சத்தமா ஜோக் சொன்னா. ம்ஹூம். அவன் திரும்பவே இல்ல.

அதான்… அவன் காபிக்கு எழுந்து போனப்ப, பிளக்கைப் பிடுங்கினா. திரும்பி வந்தா மெஷின் புதுசா ஆரம்பிச்சு நிக்கும். யாருடா இதுன்னு முறைப்பான். விளக்குக்குப் பதிலுக்கு இது, சரியாப் போச்சான்னு அவ சிரிப்பா. பேச்சு ஆரம்பிக்கும்…

அவன் வந்துட்டான். கையில ரெண்டு காபி. ஒரு பேப்பர் பையில லவங்கப்பட்டை பன்.

"இந்தா. விளக்குக்காக," அப்படின்னு ஒரு காபியை அவ பக்கம் தள்ளினான். காலையிலேருந்து முதல் தடவையா லேசா சிரிச்சான்.

அப்புறம் ஸ்கிரீனைப் பாத்தான்.

கத்துவான்னு நினைச்சா. கத்தல. நாற்காலியில மெதுவா உக்காந்து ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டான்.

"திரும்பவும் போச்சு."

"திரும்பவும்னா?" லூவா கேட்டா. ஹெட்டா காபி கப்பையே பாத்துட்டிருந்தா.

"வியாழக்கிழமை இங்க வந்து போட்டுப் பாத்தப்பவே காலி. உள்ள இருக்கிற பேட்டரி செத்துப் போயிருக்கு. நாலு மாசப் பாட்டு. ஞாபகத்துலேருந்து எடுத்துத் திரும்பக் கட்டினேன், ரெண்டு ராத்திரி, அணைக்காம. ஆறு மணிக்குள்ள போட்டிக்குக் குடுத்துட்டா முடிஞ்சுதுன்னு…" நிறுத்திட்டான். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணு போச்சு. அங்க லூவாவோட கெட்டில். நூடுல்ஸுக்குத் தண்ணி கொதிச்சுட்டிருக்கு.

மேஜையில கெட்டில் போடக் கூடாது. கேன்டீன்லதான் போடணும். கெட்டிலை மாட்டினா மேஜையில கரண்ட் ஒரு நொடி விட்டு வரும், அந்த நொடியில சேமிக்காத வேலை எல்லாம் போயிடும். இந்த மாதிரி இடத்துக்கு ஒரு தடவை வந்தவங்களுக்குக் கூடத் தெரியும்.

லூவா முகம் வெளுத்துப் போச்சு. "ஐயோ… நான்தானா? இப்பதான் மாட்டினேன்… நான் வேணும்னு பண்ணல…"

சொல்லு. இப்பவே சொல்லிடு. ஹெட்டாவுக்குள்ள யாரோ கத்துறாங்க. வாய் திறக்கல. மேஜையில காபி ஆறிட்டிருக்கு. சொன்னா இந்தக் காபியை அவன் திருப்பி எடுத்துப்பான். அந்தச் சிரிப்பையும்.

அதுக்குள்ள குன்னெல் வந்துட்டாங்க, இதை எல்லாம் நடத்துறவங்க. கழுத்துல விசில், கையில கத்தரிக்கோல். ரூல் மீறினா கையில கட்டின பட்டையை வெட்டிடுவாங்க. வெட்டினா வெளிய போயிடணும்.

"கெட்டில் யாரோடது?"

லூவா கையை நீட்டிட்டா. அழுதுக்கிட்டே நீட்டிட்டா.

"விடுங்க குன்னெல்," மெல்கெர் சொன்னான். "அந்தப் பொண்ணோட பட்டையை வெட்டினா பாட்டு வரப் போகுதா?"

"ரூல் ரூல்தான்பா."

கத்தரிக்கோல் லூவா மணிக்கட்டுக்கிட்ட போன அப்புறம்தான் ஹெட்டாவுக்குக் குரல் வந்துச்சு. எவ்வளவு மோசம் பாருங்க… அப்பதான் வந்துச்சு.

"நான்தான்."

எல்லாரும் திரும்பினாங்க. அவனும். காலையிலேருந்து எந்தப் பார்வைக்காகத் தவம் கிடந்தாளோ, அது முழுசா வந்து அவ மேல விழுந்துச்சு. நெருப்பு மாதிரி சுட்டுச்சு.

"கெட்டிலால கரண்ட் போகல. நான்தான் உன் பிளக்கைப் பிடுங்கினேன். விளையாட்டுக்கு. ரெண்டே செகண்டு."

அடுத்தவங்க பிளக்கைப் பிடுங்குறதுக்கு மேல பெரிய தப்பே அந்த அரங்கத்துல கிடையாது. குன்னெல் லூவா கையை விட்டாங்க. அப்புறம் ஹெட்டாவோட பட்டையை வெட்டினாங்க. சின்னச் சத்தம்தான்… சடக்.

வெளிய மழை. போரோஸ்ல மழை பெய்யலன்னாதான் சேதி. சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தகரக் கூரை. அதுக்கடியில, தூக்கப் பையைப் போர்த்திக்கிட்டு, தன்னோட கேம்பாயை முழங்கால்ல வச்சுக்கிட்டு ஹெட்டா உக்காந்தா. ரயில் ஏழு பத்துக்குத்தான்.

அழலாம்னு பாத்தா. அழுகை வரல. காதுல அந்த மெட்டுதான் ஓடுச்சு. மூணு மணி நேரம் கேட்டிருக்கால்ல… முதல் வரி வந்துச்சு. கட்டத்துல அடிச்சா. சரியா இருக்கு! ரெண்டாவது வரி… இல்ல, இங்க கொஞ்சம் இறங்கும்… ஆ, இப்படி. விரல் விறைச்சுப் போச்சு. வாயால ஊதி ஊதிச் சூடு பண்ணிக்கிட்டு அடிச்சா. அந்த முனகல் குரல் எங்க உள்ள வரும்? இரைச்சல் எட்டுத் தட்டுக்கு ஒரு தடவையா, ஆறு தட்டுக்கு ஒரு தடவையா? தப்பு. அழி. திரும்ப. தப்பா அடிச்சுக் குடுத்தா அவனை இன்னொரு தடவை கொன்ன மாதிரி ஆயிடுமே… மணி நாலரை. அஞ்சு. அஞ்சு இருபது.

லூவா குடையோட எட்டிப் பாத்தா. "இன்னும் இங்கயேதான் இருக்கியா, பைத்தியம்."

"அவன் என்ன பண்றான்?"

"உக்காந்திருக்கான். பன்னைப் பிச்சுப் பிச்சுப் போடறான், திங்கல."

"அவனைக் கூப்பிடேன். ப்ளீஸ்."

"என் மேல பழி விழறப்ப சும்மா நின்னவளுக்கு நான் தூது போகணுமா?" மூக்கை உறிஞ்சினா லூவா. "கூட்டிட்டு வரேன் இரு. ஆனா வீட்டுக்குப் போற வரைக்கும் உங்கூடப் பேச மாட்டேன்."

அவன் வந்தப்ப மணி அஞ்சு நாப்பது. மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னான். கூரைக்கடியில வரல.

"என்ன."

ஹெட்டா ஹெட்ஃபோனை நீட்டினா.

"பரிதாபப்பட்டு எனக்குப் பாட்டெல்லாம் போட்டுத் தர வேணாம்."

"பரிதாபம் இல்ல. உன்னோடதுதான். கேட்டுட்டுத் திட்டு."

முகத்துல வழிஞ்ச தண்ணியைத் துடைச்சான். அப்புறம் குனிஞ்சு கூரைக்கடியில வந்து, அவகிட்டேருந்து ஒரு கை தூரம் விட்டு உக்காந்தான். ஹெட்ஃபோனை மாட்டினான். ஹெட்டா அவன் முகத்தைப் பாக்கல, ஷூவைத்தான் பாத்தா. ஈர ஷூ. நுனி மெதுவா ஆட ஆரம்பிச்சுது… ஆடுது… நின்னுடுச்சு.

செத்தோம்.

"இந்த இடம் என்னோடது இல்ல," அப்படின்னான்.

"தெரியும். அங்க எனக்கு ஞாபகம் வரல. அதனால… நானா ஒண்ணு போட்டேன். அழிச்சுடவா?"

திரும்ப ஓட்டினான். அதே இடம். திரும்பவும் அதே இடம். என்னோட மெட்டுல யாரோ வீட்டுக்குப் போகாம நிக்கிறாங்க… இவ போட்ட இடத்துல யாரோ வந்து பக்கத்துல நிக்கிறாங்க… அப்படி ஏதாவது நினைச்சிருப்பானோ? இல்ல, கோவத்தை அடக்கிட்டிருக்கானோ? அந்த ஏரி நிறக் கண்ணுல ஒண்ணும் தெரியல.

"எதுக்குப் பிடுங்கின?"

"விளையாட்டுக்…"

"அது சொல்லிட்ட. நிஜத்தைச் சொல்லு."

தகரத்துல மழை தடதடன்னு அடிச்சுது. இப்ப சொல்லலன்னா இனி ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டா. அது அவளுக்கே தெரிஞ்சுது.

"நீ திரும்பிப் பாக்கவே இல்ல. மூணு மணி நேரமா உன் பாட்டு என் காதுக்குள்ள இருக்கு, நீ பக்கத்துல இருக்க, ஆனா அந்த ஸ்கிரீனைத்தான் பாக்கிற. எனக்கு… ரெண்டு செகண்டு போதும்னு இருந்துச்சு. ரெண்டு செகண்டு என்னைப் பாத்தாப் போதும்னு. இடது பக்கம் சத்தம் கம்மின்னு சொன்னது கூடப் பொய். ரொம்ப நல்லா இருந்துச்சு. அழுகை வந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன்."

அவன் ஹெட்ஃபோனைக் கழட்டினான்.

"அதை நம்பி," மெதுவா சொன்னான், "மூணு மணி நேரம் அந்த இடது பக்கத்தைத்தான் சரி பண்ணிட்டிருந்தேன். அதான் திரும்பல."

ஹெட்டாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே கண்ணு நிறைஞ்சுது, எது முதல்ல வந்துச்சுன்னே தெரியல. அவனுக்கும் உதட்டோரம் என்னமோ துடிச்சுது. உடனே அடக்கிட்டான்.

கதவுகிட்டேருந்து லூவா அவனைப் பாத்துக் கத்தினா. "அஞ்சு அம்பத்தாறு! குன்னெல் போட்டிப் பெட்டியை மூடப் போறாங்க. வரியா இல்லையா நீ?"

மெல்கெர் எழுந்தான். ஹெட்டாவோட கேம்பாயை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மழை படாம ஜாக்கெட்டுக்குள்ள வச்சான். ஹெட்டா உள்ள போக முடியாது. அவன்தான் போகணும்.

"அந்த இடத்தை அழிச்சுட்டுக் குடு," அப்படின்னா ஹெட்டா.

"அழிக்க மாட்டேன்."

ஒரு அடி வச்சான். நின்னுட்டான். மூணு நிமிஷம் இருக்கு… இன்னும் நிக்கிறான். போடா, போயேன்… அவன் திரும்பி, மழைக்கும் கூரைக்கும் நடுவுல நின்னு, அவளை நேராப் பாத்தான். ரெண்டு செகண்டுக்கு மேலயே.

"எனக்கு உன் மேல கோவம் போகல. போகுமான்னும் தெரியல." தலைமுடியிலேருந்து தண்ணி சொட்டுச்சு. "கோவம் போகாமலே ஒருத்தியைப் பிடிக்குமா, ஹெட்டா?"